பத்தாயிரத்து ஒன்றாவது பயணி

கினுகோ சித்தி எங்களோடு தெருவில் வந்தால் பின்பக்கமாகத்தான் நடப்பாள். நாலடி முன்னால் போய், எங்கள் பக்கம் திரும்பிக்கொண்டு, உள்ளங்கையை மேல்நோக்கி விரித்து ஒரு பக்கமாக நீட்டியபடியே குதிகாலால் வழி கண்டுபிடித்துப் போவாள். ஒருமுறைகூட இடறி நான் பார்த்ததில்லை. "வலது பக்கம்" என்று அவள் சொன்னால் நீள்வது அவளுடைய இடது கை. எதிரில் இருப்பவர்களின் வலதுதான் அவளுக்கு வலது. சமையலறையில் சோயா பாட்டில் வலது அலமாரியில் இருக்கிறது என்றாலும், அவள் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறாள் என்று கவனித்த பிறகுதான் கதவைத் திறப்போம். அவள் கை காட்டுகிற மலையை அவள் திரும்பிப் பார்க்க மாட்டாள். மலையைப் பார்க்கிற எங்கள் முகங்களைப் பார்ப்பாள்.

பதினெட்டு வயதில் சுற்றுலா பஸ்ஸில் வழிகாட்டியாகச் சேர்ந்தவள். எங்கள் இனா பள்ளத்தாக்கில் அப்போது பெண்கள் பழத்தோட்டத்துக்குப் போவார்கள், இல்லையென்றால் கடிகாரப் பாகம் செய்யும் தொழிற்சாலைக்குப் போவார்கள். சித்தி நீலத் தொப்பியும் வெள்ளைக் கையுறையுமாக, ஓட்டுநர் பக்கத்தில் பயணிகளைப் பார்த்து நின்றுகொண்டு, காலையிலிருந்து மாலைவரை பேசினாள், பாடினாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று என் அம்மா கேட்டால், "தெனம் நாப்பத்தஞ்சு பேரு என்னையே பாத்துட்டு உக்காந்திருக்காங்க, இதுல ஒருத்தன் மட்டும் எதுக்குக்கா?" என்பாளாம்.

நாற்பத்தொன்பதாவது வயதில் அவளுக்குத் தொண்டையில் கட்டி வந்தது. குரல்வளையை எடுத்துவிட்டார்கள். உயிருக்கு ஆபத்து இல்லை, குரல் போய்விட்டது. கழுத்தில் வைத்து அழுத்திப் பேசும் கருவி ஒன்று கொடுத்தார்கள். அதை ஒரே ஒரு தடவை வைத்து "நன்றி" என்றாள். வந்த சத்தம் அவளுக்குப் பிடிக்கவில்லை. துண்டில் சுற்றி மேசை இழுப்பறையில் வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு, குழந்தைகள் கிறுக்கி அழிக்கும் காந்தப் பலகை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு அதில் எழுதித்தான் எங்களோடு பேசினாள். மற்றவர்களோடு பேசவே இல்லை. கடைக்குப் போவதை நிறுத்தினாள். பஸ் நிறுவனத்திலிருந்து பழைய தோழிகள் பார்க்க வந்தபோது எங்கள் வீட்டு மாடியில் இருந்த தன் அறையைவிட்டு இறங்கவில்லை.

அந்தக் குளிர்காலம் நான் பல்கலைக்கழகத்திலிருந்து ஊருக்கு வந்தபோது அம்மா முள்ளங்கி நறுக்கிக்கொண்டே சொன்னாள்: "மனுஷங்க மூஞ்சியப் பாத்தே உயிர் வாழ்ந்தவடா. இப்ப கூரியர்காரன் வந்தாக்கூட கதவுக்குப் பின்னால நிக்கிறா. இப்படியே போனா அவ என்ன ஆவாள்னு எனக்குத் தெரியல, தொமோ."

எங்கள் குடும்பத்தில் பட்டப்படிப்புக்குப் போன முதல் ஆள் நான். அதனால் எல்லாக் கேள்வியும் கடைசியில் என்னிடம் வந்து நிற்கும்.  இந்தத் தடவை என்னிடம் இருந்தது பழைய கம்ப்யூட்டர் ஒன்றுதான். அதைச் சித்தியின் மாடியில், அடியில் சூடு வைத்த தாழ்ந்த கணப்பு மேசைமேல் வைத்து இணைய இணைப்பும் கொடுத்துவிட்டு நகோயாவுக்குத் திரும்பினேன்.

முதலில் அவள் சீட்டு விளையாடினாள். பிறகு படம் வரையும் செயலியில் பஸ் வரைந்தாள். பிறகு, நாடு முழுக்கச் சாக்கடை மூடிகளைப் படமெடுத்துப் போடும் ஒருவருடைய வலைப்பூவை எப்படியோ கண்டுபிடித்திருக்கிறாள். வசந்த விடுமுறையில் நான் வந்ததும் பலகையை நீட்டினாள். "இந்த மாதிரி ஒண்ணு ஆரம்பிக்க யார்கிட்ட அனுமதி வாங்கணும்?"

யாரிடமும் வேண்டாம் என்றேன். அவள் நம்பவில்லை. சாக்கடை மூடிக்காரருக்கே எழுதிக் கேட்டிருக்கிறாள். அவரும், "தாராளமா ஆரம்பிங்க, மூடி மட்டும் வேணாம், அது என் ஏரியா" என்று பதில் போட்டிருக்கிறார்.

வலைப்பூவுக்கு 'இரண்டாம் எண் வண்டி' என்று பெயர் வைத்தாள். முதல் பதிவு, பஸ் கிளம்பும்போது சொல்லுகிற அதே வரவேற்பு. இன்று உங்களோடு வருவது வழிகாட்டி மியாஷிதா, தலை கை வெளியே நீட்ட வேண்டாம், வயிற்றைப் புரட்டினால் கூச்சப்படாமல் கை தூக்குங்கள். அதன் கீழே தென்ரியூ ஆற்றங்கரையில் ஒரு வளைவின் வர்ணனை. அவ்வளவுதான். ஒவ்வொரு நாளும் வண்டி கொஞ்ச தூரம் போகும். தனக்குக் குரல் இல்லை என்பதை மட்டும் அவள் எங்கும் எழுதவில்லை. படிக்கிறவர்களுக்கு அவள் இன்னும் வண்டியில் நின்று பேசிக்கொண்டிருக்கிற வழிகாட்டிதான்.

கம்ப்யூட்டர் நிரலை நான் பாடமாகக் கற்றவன். ஒரு கட்டளை என்ன செய்யும் என்று தெரிந்துகொண்ட பிறகுதான் அதைத் தொடுவேன். சித்திக்கு அந்தப் பொறுமை கிடையாது. அடுத்தவர் பக்கத்தின் நிரலைத் திறந்து, பிடித்த துண்டைத் தூக்கித் தன் பக்கத்தில் ஒட்டுவாள். ஒரு எழுத்தை மாற்றுவாள், என்ன உடைகிறது என்று பார்ப்பாள், அதை விட்டுவிட்டு இன்னொரு எழுத்து. ஒருநாள் பக்கம் முழுவதும் இளஞ்சிவப்பாகி, எழுத்துகள் எல்லாம் ரயில்போல இடப்பக்கம் ஓட ஆரம்பித்தன. நிறுத்தத் தெரியவில்லை. "வண்டி வேகமாகப் போவதால் காட்சிகள் ஓடுகின்றன, பொறுத்துக்கொள்ளவும்" என்று ஒரு வரி சேர்த்துவிட்டாள். அந்த வரியும் சேர்ந்து ஓடியது.

டிசம்பரில் பக்கத்தில் பனி பெய்ய வைத்தாள். யாரோ இலவசமாகக் கொடுத்த நிரல். பத்துத் துளி என்று இருந்த இடத்தில் ஆயிரம் என்று போட்டுப் பார்த்திருக்கிறாள். ஒரு வார்த்தைகூடத் தெரியவில்லை. வழக்கமாக வருகிற இருவர் அன்றைக்கும் வந்தார்கள். ஒருத்தி, ஊறுகாய்ப் பானைமேல் வைத்து அழுத்தும் கல்லை நினைத்து 'ஊறுகாய்க்கல்' என்ற பெயரில் எழுதும், பனி கொட்டுகிற அகிதா பக்கத்து இல்லத்தரசி. இன்னொருவன், நாலரைப் பாய் விரிக்கத்தான் இடமுள்ள தன் அறையின் அளவையே பெயராக வைத்துக்கொண்ட 'நாலரைப்பாய்' என்ற மாணவன்.

"டயருக்குப் பனிச்சங்கிலி கட்டாம வந்துட்டேன், பாதி பக்கத்துலயே மாட்டிக்கிட்டேன்" என்று எழுதினான் நாலரைப்பாய்.

"எங்க ஊர்ல இதுக்குப் பேரு தூறல். பேசாம வண்டிய எடுங்க" என்றாள் ஊறுகாய்க்கல்.

இன்னொரு சமயம், பழைய பதிவுகளின் பட்டியல் உங்கள் வலப்பக்கம் தெரியும் என்று அறிவித்தாள். அது எல்லோருக்கும் இடப்பக்கம் இருந்தது. கம்ப்யூட்டரைத் திருப்பி வைத்துப் பார்த்தும் தெரியவில்லை என்று நாலரைப்பாய் புகார் கொடுத்தான். அதைப் படித்துவிட்டுச் சித்தி தோள் குலுங்கச் சிரித்தாள் என்று அம்மா தொலைபேசியில் சொன்னாள். சத்தம் வராத சிரிப்பு. ஆனாலும் சிரித்தாள்.  பிறகு, "கம்ப்யூட்டர்ல சிரிக்கிறா, சரி. புத்தாண்டுக்குக் கோயிலுக்குக் கூப்பிட்டா வரமாட்டேங்குறாளே" என்றாள்.

எங்கள் நாட்டில் வலைப்பக்கம் வைத்திருந்தவர்களுக்கு அப்போது ஒரு வழக்கம் இருந்தது. பக்கத்தின் அடியில் ஒரு கவுண்டர் ஓடும், ஒவ்வொருவர் வரும்போதும் ஓர் எண் ஏறும். ஆயிரம், ஐயாயிரம் என்று முழு எண்ணை யார் மிதிக்கிறாரோ அவர் சத்தமில்லாமல் நழுவக் கூடாது. நான்தான் மிதித்தேன் என்று பின்னூட்டத்தில் வந்து சொல்ல வேண்டும். அவர் கேட்பதைப் பக்கத்துக்காரர் செய்து தர வேண்டும். படம் வரைந்து தரலாம், கவிதை எழுதித் தரலாம். மிதித்துவிட்டுச் சொல்லாமல் ஓடுவது பெரிய மரியாதைக் கேடு. தன் பக்கத்தின் முழு எண்ணைத் தானே மிதித்துக்கொள்வது அதைவிட மானக்கேடு.

பத்தாயிரம் நெருங்கியபோது சித்தி அறிவிப்பு போட்டாள். மிதிப்பவருக்கு என்ன வேண்டுமோ கேட்கலாம், இரண்டாம் எண் வண்டி வாக்கு மாறாது என்று. ஊறுகாய்க்கல்லும் நாலரைப்பாயும் பந்தயமே கட்டினார்கள். சித்தி சாப்பாட்டை மடியில் வைத்துக்கொண்டு, எண் எவ்வளவு ஆகியிருக்கிறது என்று பக்கத்தைப் புதுப்பித்துப் புதுப்பித்துப் பார்த்தாள். தன் வருகையைக் கணக்கில் சேர்க்காமல் இருக்க ஒரு வழி இருந்தது. அதையும் அந்த வாரம் எதையோ ஒட்டிப் பார்த்தபோது அவளே உடைத்து வைத்திருந்தாள். பத்தாயிரத்தை அவளே மிதித்துவிட்டாள்.

வெள்ளைக் கையுறையோடு கைகூப்புகிற ஒரு பொம்மையை வரைந்து மன்னிப்புக் கேட்டு எழுதினாள்.

"வழிகாட்டியே டிக்கெட்ட எடுத்துட்டு ஏறி உக்காந்துட்டாங்களா?" என்றாள் ஊறுகாய்க்கல். இப்படி நேர்ந்தால் அடுத்த எண்ணில் வந்தவருக்குத்தான் உரிமை என்பதும் வழக்கம். பத்தாயிரத்து ஒன்று யார், எழுந்து நில்லுங்கள் என்று எல்லோரும் கூப்பிட்டார்கள். அன்று முழுக்க யாரும் எழவில்லை. மறுநாள் காலையில் ஒரு பின்னூட்டம் வந்திருந்தது. இதுவரை அங்கே ஒரு வார்த்தைகூட எழுதாதவர்.

"நாந்தான் அந்த எண். கரசாவா. ரெண்டாம் நம்பர் வண்டிய ஓட்டுனவன். ஆரம்பத்துலேர்ந்து படிக்கிறேன், எழுத வெக்கமா இருந்துச்சு. இப்ப மகன் வீட்டோட கடலோரத்துல இருக்கேன், எல்லாம் சமதரை. கினு சான், உன் பாட்டுக்குத்தான் இத்தன வருஷம் கியர் போட்டேன். ஹிராசே கணவாய்ப் பாட்ட ஒருதரம் பாடிப் போடும்மா. இப்பல்லாம் குரலப் பதிஞ்சு போடலாமாமே, பேரன் சொன்னான்."

ஹிராசே கணவாய் எங்கள் பள்ளத்தாக்கிலிருந்து அந்தப் பக்கம் போகிற மலைப்பாதை. வளைவுக்குமேல் வளைவு. பயணிகளுக்குக் குமட்டாமல் இருப்பதற்காக சித்தியின் பஸ் நிறுவனத்து வழிகாட்டிப் பெண்கள் தாங்களே கட்டிய பாட்டு அது. "அடுத்த வளைவில் ஆறு தெரியும், அதற்கடுத்ததில் தெரியாது" என்று ஆரம்பிக்கும். எங்கும் எழுதி வைக்கவில்லை, பதிவும் இல்லை. கரசாவா ஓய்வு பெற்று ஊரைவிட்டுப் போன பிறகுதான் சித்திக்கு அறுவை சிகிச்சை நடந்தது. அவருக்கு ஒன்றும் தெரியாது.

மற்றவர்களுக்கும் தெரியாது. ஆமாம், பாடுங்கள், காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டோம் என்று மளமளவென்று எழுதினார்கள். சித்தி கம்ப்யூட்டரை அணைத்து, அதன்மேல் துணியைப் போட்டு மூடினாள். அம்மா பதறிப்போய் எனக்குப் போன் செய்தாள். நான் சனிக்கிழமை பஸ் பிடித்து ஊருக்கு வந்தேன்.

கணப்பு மேசைக்குள் காலை நீட்டிக்கொண்டு சித்தி பலகையில் எழுதி எழுதி அழித்தாள். வலைப்பூவையே நீக்கிவிட எது பொத்தான் என்று கேட்டாள். எனக்குத் தெரியும், சொல்ல மனம் வரவில்லை. யாரையாவது வைத்துப் பாடிப் போட்டுவிடலாமா என்று நான் கேட்டேன். கேட்டதுமே அது எவ்வளவு மட்டமான யோசனை என்று எனக்கே தெரிந்தது. அவள் பலகையை அழித்தாள். பிறகு எழுதினாள்: "சொல்லிட்டா, அவங்க மூஞ்சி எப்படி மாறும்னு நான் பாக்க முடியாது. அதான்டா பயம்."

ஞாயிறு மதியம் துணியை எடுத்தாள். பதிவு மிகச் சிறியது. எனக்குக் குரல்வளை இல்லை, ஒன்றரை வருஷமாகிறது, சொல்லாமல் ஏற்றிக்கொண்டதற்கு மன்னியுங்கள், இறங்க விரும்புகிறவர்களுக்காக வண்டியை ஓரமாக நிறுத்தியிருக்கிறேன். போட்டுவிட்டு மேசையைவிட்டு எழுந்து போய் உலர்ந்த துணிகளை மடிக்க ஆரம்பித்தாள். நான்தான் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நெடுநேரம் ஒன்றும் இல்லை. முதலில் வந்தது நாலரைப்பாய்: "கதவ சாத்துங்க, குளிருது." ஊறுகாய்க்கல், உட்கார்ந்திருக்கிற ஒரு பூனைப் படத்தை மட்டும் போட்டாள். அதன் பிறகு கரசாவா.

"அப்படியா. எனக்குத் தெரியாமப் போச்சே. ஆனா கேட்டது கேட்டதுதான், கினு சான், வாபஸ் வாங்க மாட்டேன். அந்தப் பாட்டுல பாதி உன் தொண்டையில இருந்துச்சு, பாதி வளைவுல இருந்துச்சு. வளைவு அங்கயேதான் இருக்கு. அவசரம் இல்ல."

இதைப் படித்ததும் சித்தி மடித்துக்கொண்டிருந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு துண்டை எடுத்துவிட்டு, மூக்கைச் சிந்திவிட்டு, பலகையில் எழுதினாள்: "மனுஷன் அப்பவே இப்படித்தான். ஹாரன் அடிக்காம யாரையும் தாண்ட மாட்டார்."

குரல் இல்லாமல் பாட்டை எப்படிக் கொடுப்பது என்று அவள்தான் கண்டுபிடித்தாள். இசை கோக்கும் இலவசச் செயலி ஒன்றை இறக்கினாள். சுரம் எழுதத் தெரிய வேண்டாம். கட்டம் போட்ட தாளில் பெட்டி பெட்டியாக வரைய வேண்டியதுதான். மேலே வரைந்தால் உச்சம், நீட்டி வரைந்தால் நீட்டம். எந்த வாத்தியம் என்று பட்டியலிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பட்டியலில் ஹெலிகாப்டரும் இருந்தது, கைதட்டலும் இருந்தது. ஒரு வாரம் அவள் பாட்டையே தொடவில்லை. பிறந்தநாள் பாட்டை ஹெலிகாப்டரில் வாசித்தாள். அம்மா மாடிப்படியில் நின்று, "போர் ஆரம்பிச்சிருச்சா?" என்று கத்தினாள். கடைசியில் கிளாரினெட்டைத் தேர்ந்தெடுத்தாள். தன் குரல் ஏறக்குறைய அந்த இடத்தில்தான் இருந்தது என்று எழுதிக் காட்டினாள். எனக்கு நினைவிருக்கிறது, அங்கேதான் இருந்தது.

முதல் துண்டைப் போட்டதும் கரசாவா குற்றம் கண்டுபிடித்தார். மூன்றாவது வளைவு சீக்கிரம் வந்துவிடுகிறது, அங்கே நான் கியர் இறக்கும்வரை நீ இழுப்பாய் என்றார். திருத்திப் போட்டாள். பாலத்தில் மூச்சு விடுவாயே, அது எங்கே என்றார். இப்படியே போனது. நினைவை வைத்து முடிக்க முடியாது என்று சித்திக்குப் புரிந்துவிட்டது. ஜூன் மாதம் ஒருநாள் காலையில் அவள் தொப்பியை மாட்டிக்கொண்டு, கழுத்துத் துளையை மறைக்கும் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, கீழே வந்து நின்றாள். அம்மா கையிலிருந்த சோற்றுக் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

கணவாய்க்குப் போகும் சாதாரணப் பேருந்தில் சித்தியும் நானும் ஏறினோம். நேரம் குறிக்கும் கடிகாரம் என் கையில். முன் இருக்கையில் உட்கார்ந்தவள் முதல் வளைவுக்கே எழுந்துவிட்டாள். உட்கார்ந்துகொண்டு அவளால் வளைவை அளக்க முடியவில்லை. கம்பியைப் பிடித்து, எங்கள் பக்கம் திரும்பி நின்று, காலால் தாளம் போட்டாள். இளம் ஓட்டுநர் ஒலிபெருக்கியில், "ஓடும் வண்டியில் எழுந்து நிற்பது ஆபத்து, தயவுசெய்து அமருங்கள்" என்றான். முப்பது வருஷம் இதே வாக்கியத்தை மற்றவர்களுக்குச் சொன்னவள். தோள் குலுங்கியது. உட்கார்ந்தாள், அடுத்த வளைவில் மறுபடி எழுந்தாள்.

மூலிகைக் கீரை பறிக்கப் போகிற நாலு பெண்கள் பின்னால் இருந்தார்கள். அவர்களில் ஒருத்தி நெடுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "நீங்க பாட்டுப் பாடுவீங்களே, அந்தப் பொண்ணுதானே? எங்க மாதர் சங்கச் சுற்றுலாவுக்கு வந்தீங்க."

சித்தி தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தாள். கதவுக்குப் பின்னால் போய் நிற்க அங்கே கதவு இல்லை. நான் ஏதாவது சொல்ல வாயெடுத்தேன்.

"ஐயோ பாவம்" என்று இன்னொருத்தி ஆரம்பித்தாள். கேள்வி கேட்டவள் அவளை முழங்கையால் இடித்தாள். பிறகு, "அடுத்த வளைவுல ஆறு தெரியும்னு வருமே, அப்புறம் என்னடி?" என்று அவளே மெல்ல முனகிப் பார்த்தாள். மெட்டு தப்பு, வேகமும் தப்பு. சித்தியால் அதைத் தாங்க முடியவில்லை. பலகையை என் மடியில் போட்டுவிட்டு எழுந்தாள். உள்ளங்கையை உயர்த்தி, இழுக்க வேண்டிய இடத்தில் நிறுத்தி, விட வேண்டிய இடத்தில் விட்டாள். நாலு பெண்களும் அவள் கையைப் பார்த்துப் பாடினார்கள். பாலத்தில் மூச்சு விட்டார்கள். ஓட்டுநர் இந்தத் தடவை ஒன்றும் சொல்லவில்லை. சித்தி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் கடிகாரத்தை அழுத்த மறந்துவிட்டேன்.

அதனால் மறுவாரமும் போக வேண்டியிருந்தது. அதற்கடுத்த வாரம் என்னைக் கூப்பிடவில்லை, தனியாகப் போனாள். ஏறும் பாதைப் பாட்டு இலையுதிர் காலத்தில் வலைப்பூவில் ஏறியது. உச்சிவரைக்கும் இருபது நிமிஷம், ஒவ்வொரு வளைவும் அதனதன் இடத்தில். கரசாவா நாற்காலியில் உட்கார்ந்து, கிளட்ச் மிதிப்பதுபோல் தரையைக் காலால் அழுத்திக்கொண்டே கேட்டதாகவும், மருமகள் பயந்துவிட்டதாகவும் எழுதினார். இறங்கும் பாதைக்கு வேறு மெட்டு. அது அடுத்து வரும் என்று சித்தி வாக்குக் கொடுத்தாள்.

அது நடந்து நாலு வருஷம் ஆகிறது. கீரைப் பெண்கள் நாலு பேருக்கும் சித்திதான் வலைப்பூ தொடங்கிக் கொடுத்தாள். புதிதாக வந்த ஒவ்வொரு வசதியையும் முதலில் தன் பக்கத்தில் ஒட்டி உடைத்துப் பார்த்துவிட்டு, பிறகு அவர்களுக்குக் காட்டுகிறாள். செவ்வாய்க்கிழமைகளில் சமுதாயக்கூடத்தில் பலகையோடு நடுவில் நிற்கிறாள். அவள் வீட்டில் இல்லை என்பதுதான் இப்போது அம்மாவின் புகார். இறக்கத்தின் பாட்டு என்ன ஆயிற்று என்று நான் கேட்டால், நேரமில்லை என்று எழுதுகிறாள். அது உண்மைதான். முடித்துவிட்டால் அந்த மனிதர் இறங்கிப் போய்விடுவார் என்று நினைக்கிறாளோ என்றும் எனக்குத் தோன்றியதுண்டு. 

அவளை வெளியே கொண்டுவந்த மனிதருக்கு அவள் தர வேண்டியது பாதிப் பாட்டு. இந்தப் புத்தாண்டுக்கும் கரசாவா எழுதியிருந்தார்: "இன்னும் உச்சியிலதான் நிக்கிறேன், கினு சான். ஹேண்ட் பிரேக் போட்டிருக்கேன், பயப்படாத. ஆனா எனக்கும் வயசாகுதும்மா."

அதற்குச் சித்தி இன்னும் பதில் போடவில்லை.